கேட்ட பிறகே தொட்ட கைகளுக்கு

மாண்டோர் மாண்பைக் காத்த மாண்பாளரே! பேச இயலாதார்க்குப் பேச்சாய் நின்ற பெருந்தகையே! முப்பத்தோராண்டு முகம் சுளிக்காத மூத்தவரே! குளிர்க்கூடத்தில் குன்றாத கனிவே! பெயர்ப்பலகைகூட வைக்கப்படாத ஓர் அறைக்குப் பெருமை தேடித் தந்த எங்கள் பிணவறைக் காப்பாளரே! அண்ணா!

வணக்கம்.

முதலில் ஒரு கடமையை முடித்துவிடுகிறோம். இவ்விழாவில் வாசிக்கப்போகும் மடலை முன்கூட்டியே காட்ட வேண்டும் என்று நிர்வாக அலுவலகம் கேட்டது. நான்கு பக்கம் காட்டினோம். அது சிவப்பு மையில் குளித்து ஐந்து வரியாகத் திரும்பி வந்தது. அந்த ஐந்து வரி இதோ: "தாங்கள் பணியில் சேர்ந்தீர்கள். தவறாது வந்தீர்கள். இட்ட பணியைச் செய்தீர்கள். இன்று ஓய்வு பெறுகிறீர்கள். நலமுடன் வாழ்க." வாசித்தாயிற்று. அலுவலகத்துக்கு மனம் குளிர்ந்திருக்கும். இனி வாசிப்பது எங்கள் மடல். முன்வரிசையில் வீற்றிருக்கும் நிர்வாகி அவர்கள் விரும்பினால் எழுந்து போகலாம். இருந்து கேட்டால் மகிழ்வோம். எதுவானாலும் நிறுத்த மாட்டோம்.

பெரிய அரங்கு மருத்துவர்களின் விழாவுக்கு மட்டுமே என்று சொல்லிவிட்டார்கள். பிணவறைக்காரருக்கு அரங்கு ஒரு கேடா என்பதைச் சொல்லாமல் சொன்னார்கள். சலவைக்கூடம் எங்களை வா என்றது. மூன்று துவைப்பு இயந்திரங்களையும் நிறுத்தி, துணிக் கூடைகளைக் கவிழ்த்து இருக்கையாக்கி, கொடியில் காயும் வெள்ளை விரிப்புகளையே பந்தலாக்கித் தங்களை நடுவில் அமர்த்தியிருக்கிறோம். தங்கள் அறைக்கு வந்த ஒவ்வொருவரையும் போர்த்திய துணி இங்கேதான் வெளுத்தது. இந்த மருத்துவமனையில் தங்களைப் பாராட்ட இதைவிடப் பொருத்தமான இடம் எங்களுக்குத் தெரியவில்லை.

புகழ்வதற்கு முன் எங்கள் பிழையை ஒப்புக்கொள்கிறோம். தாங்கள் கேன்டீனுக்குள் வந்தால் மேசையின் மறுகோடிக்கு நகர்ந்தவர்கள் நாங்கள். தங்கள் கைபட்ட குவளையைத் தனியே வைக்கச் சொன்னவர்களும் எங்களுள் உண்டு. அவர்களில் இருவர் இன்று பூமாலை கட்டிக்கொண்டு வந்து நிற்கிறார்கள். தங்களுக்கு "ஐஸ் ரூம்" என்று பெயர் சூட்டி, "ஐஸ் ரூம் வருது, வழி விடு" என்று தாழ்வாரத்தில் ஒதுங்கி நின்று சிரித்தோம். தாங்கள் ஒரு நாளும் முறைக்கவில்லை. "வழி விட்டா நல்லதுதானே, எனக்கு வண்டி தள்ள ஈசியா இருக்கு" என்று சொல்லிவிட்டுத் தள்ளிக்கொண்டு போனீர்கள். அந்தச் சிரிப்பை நினைத்தால் எங்களுக்கு இன்று வெட்கமாக இருக்கிறது.

தாங்கள் பிறவி ஞானியும் அல்ல. அதைச் சொல்லாமல் விட்டால் இம்மடல் வெறும் பூச்சு வேலையாகிவிடும். பணியில் சேர்ந்த இரண்டாம் ஆண்டில், பல மாதம் படுக்கையிலேயே கிடந்து இறந்த ஒரு முதிய பெண்மணியைத் தங்கள் அறைக்குக் கொண்டுவந்தார்கள். உடலெங்கும் மருந்துக் கறை. கிட்டே நிற்க முடியாத வாடை. வீட்டார் இப்படிப் பார்த்தால் நெஞ்சு உடைந்து போவார்களே என்று தாங்களே வெந்நீர் சுமந்து, அவரைக் குளிப்பாட்டி, சிக்கெடுத்துத் தலை வாரி, புது விரிப்புப் போர்த்தி வைத்தீர்கள். யாரும் ஏவவில்லை. நல்ல மனம் ஒன்றே காரணம்.

பிற்பகலில் மகள் வந்தார், கூடவே மூன்று பெண்கள், கையில் நீர்ப் பாத்திரமும் வெள்ளைத் துணியும். போர்வையை விலக்கிப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"யாரு குளிப்பாட்டினது?"

"நான்தாம்மா," என்றீர்கள், பாராட்டை எதிர்பார்த்து.

"நீங்க நல்ல மனசோடதான் செஞ்சிருக்கீங்க, அண்ணே. உங்களைத் திட்ட மாட்டேன். ஆனா எங்கம்மா சாகிற வரைக்கும் வேத்து ஆம்பளை முன்னாடி தலைமுடியைக்கூடக் காட்டினதில்லை. அவங்களைக் கடைசியாக் குளிப்பாட்டுறது என் கடமை. பொண்ணு வர்றாளான்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?"

தாங்கள் வெளியே போய்ப் படியில் உட்கார்ந்துவிட்டீர்கள். அந்தப் பெண்கள் கதவைச் சாத்திக்கொண்டு, தம் முறைப்படி மறுபடி குளிப்பாட்டி முடித்து வெளியே வந்தபோது எழுந்து நின்று, "தப்பு என்னோடதும்மா. இனிமே எப்படிச் செய்யணும்னு சொல்லிட்டுப் போங்க," என்றீர்கள். ஈரக் கையோடு நின்று அவர் சொல்லச் சொல்ல, உடல் ஒப்படைப்புப் படிவம் ஒன்றின் பின்பக்கத்தில் எழுதினீர்கள். இஸ்லாமியர்; ஒரே இறைவன் என்று நம்புகிறவர்கள். கண்ணையும் வாயையும் மெல்ல மூடு. பெண்ணைப் பெண் தொடட்டும், ஆணை ஆண். மூடியே வை. எரிப்பது இல்லை, தாமதமின்றி அடக்கம். முப்பது புத்தகம் படித்தவர்கள் எழுதும் உலகச் சமயங்களின் அறிமுகம், தங்களுக்கு அந்தப் படிவத்தின் பின்பக்கத்தில் தொடங்கியது.

அதன்பின் தங்கள் வார விடுமுறைகள் எங்கே போயின என்பது ஊரறிந்த கதை. பள்ளிவாசல், தேவாலயம், விகாரை, குருத்துவாரா, சமணர் கோயில், யூதர் தொழுகைக் கூடம் என்று ஒவ்வொன்றின் வாசலிலும் குறிப்பேட்டோடு போய் நின்றீர்கள். "எங்க வேலை செய்றீங்க?" என்று கேட்டவர்கள் தங்கள் பதிலைக் கேட்டதும் பதறிப்போய், "யாருக்கு என்ன ஆச்சு?" என்றார்கள். "யாருக்கும் ஒண்ணும் ஆகலைங்க. ஆனா என்ன செய்யணும்னு முன்னாடியே தெரிஞ்சுக்கலாம்னு வந்தேன்," என்றீர்கள். ஓரிடத்தில் அபசகுனம் என்று துரத்தினார்கள். அடுத்த வாரமும் அங்கேயே போனீர்கள். மூன்றாவது வாரம் நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார்கள். பிடிவாதம் என்பதற்கு எங்கள் அகராதியில் தங்கள் பெயரை எழுதி வைத்திருக்கிறோம்.

அப்படிப் பிறந்ததுதான் அந்த அட்டவணை. பழைய காலண்டர் தாள்களை ஒட்டி, கை கழுவும் தொட்டிக்கு மேலே தாங்கள் பதித்த அகன்ற தாள். ஒவ்வொரு சமயத்துக்கும் ஒரு கட்டம்; ஒவ்வொரு கட்டத்திலும் மேல்பாதி எழுத்து, கீழ்ப்பாதி வெறுமை. பிரசவ வார்டு செவிலி ஒருவர் அதைப் பார்த்து, "அண்ணே, பாதிதான் எழுதியிருக்கீங்க," என்றார். "மீதி வீட்டுக்காரங்க சொல்றது. ஒரே சாமியைக் கும்பிடுற ரெண்டு வீட்டுல ரெண்டு வழக்கம் இருக்கும். முழுசா எழுதிட்டா நாம கேக்க மாட்டோம்," என்றீர்கள். அந்தச் செவிலிதான் இம்மடலை எழுதினார். எழுதும்போது இந்த இடத்தில் நெடுநேரம் பேனா நகரவில்லை என்கிறார்.

புதிதாகச் சேரும் எவரும், கூட்டுகிறவரானாலும் கத்தி பிடிக்கிறவரானாலும், முதல் வாரத்தில் ஒரு மணி நேரம் தங்கள் முன் நிற்க வேண்டும் என்பது தங்கள் சட்டம். எந்த அரசும் போடாத சட்டம். ஆனால் எவரும் மீறாத சட்டம். அந்த ஒரு மணி நேரத்தை எங்களில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் மனப்பாடமாகச் சொல்வோம்:

"மார்ச்சுவரில நிக்க வச்சு மதம் சொல்றானேன்னு சிரிக்காதீங்க. வெளியில இவங்க எல்லாரும் ஒரே வரிசையில நிக்க மாட்டாங்க. இங்கதான் படுத்திருக்காங்க. செத்தப்புறம் என்ன ஆகும்னு ஒருத்தர் நம்புறது தெரிஞ்சா, உயிரோட இருந்தப்ப எப்படி இருந்திருப்பாருன்னு பாதி தெரிஞ்சிரும். இந்துன்னு சீட்டுல இருந்தா, எரிப்பாங்கன்னு நீயா முடிவு பண்ணாதே. புதைக்கிற வீடும் உண்டு. உயிர் இன்னொரு பிறவி எடுக்கும்னு நம்புவாங்க. நெத்தியில இருக்கிறதைத் துடைக்காதே, கையில கட்டின கயித்தை அறுக்காதே. சீக்கியர்னா முடியில கத்திரி வைக்கிறதை மறந்துடு, கை வளையைக் கழட்டாதே. அது நகை இல்லை, அவர் குடுத்த வாக்கு. கிறிஸ்தவங்க ஒருநாள் எழுந்திருப்போம்னு நம்பித்தான் படுக்கிறாங்க. பாதிரியார் ஜெபம் பண்ண வந்தா வாசல்ல நிக்க வச்சு ஃபார்ம் கேக்காதே. பௌத்தர்ல சிலர், மூச்சு நின்னாலும் கொஞ்ச நேரம் உடம்பை அசைக்காதீங்கம்பாங்க. அசைக்காதே, உனக்கு என்ன ரயிலா போகுது? சமணர் ஒரு எறும்பைக்கூட மிதிக்காம வாழ்ந்திருப்பார். அவரைப் படுக்க வச்சுட்டு மேல பூச்சி மருந்து அடிச்சின்னா நான் உன்னை அடிப்பேன். மதமே இல்லைன்னு எழுதிக் குடுத்துட்டுப் போனவர் இருப்பாரு. அவர் மேல யாராவது வந்து எதையாவது பூசினா தடு. அவர் சொன்னதும் ஒரு சொல்தான். இதெல்லாம் அறிமுகம். அறிமுகம் பண்ணி வைக்கிறது என் வேலை, பழகுறது உங்க வேலை. எல்லாம் மறந்து போனாலும் ஒண்ணை மறக்காதே. கேளு. அப்புறம் தொடு."

இந்த ஒரு மணி நேரத்தைத்தான், அண்ணா, போன மாதம் ஒரு தாள் ரத்து செய்தது. "பிணவறைப் பணியாளர்க்கு உடலின் பெயர், எண், நேரம் ஆகிய மூன்றும் தெரிந்தால் போதுமானது. மருத்துவமனை வளாகத்தில் மதம் சார்ந்த வகுப்புகள் தேவையற்றவை. சுவரில் உள்ள தாள் வெள்ளையடிப்புக்கு முன் அகற்றப்பட வேண்டும்." இரண்டாம் நாளே சுவர் வெளுத்துவிட்டது. சுவர் மட்டுமே வெளுத்தது என்பதை நிர்வாகி அவர்களுக்குப் பணிவோடு தெரிவித்துக்கொள்கிறோம்.

மதத்தை மருத்துவமனைக்குள் கொண்டுவராதீர்கள் என்கிறார்கள். நாங்களா கொண்டுவருகிறோம்? அது நோயாளியோடு ஆம்புலன்சில் வருகிறது. அறுவை சிகிச்சைக்கு முன் கழற்ற மறுக்கும் மாலையாக வருகிறது. ஊசி போடும்போது முணுமுணுக்கும் உதடாக வருகிறது. வாசலில் காவலர் நிறுத்தினால் நிற்கிற பொருளா அது? எந்தச் சமயம் உயர்ந்தது என்று தாங்கள் ஒருவருக்கும் ஒரு நாளும் சொன்னதில்லை. எவரையும் எதையும் கும்பிடச் சொன்னதில்லை. அடுத்தவர் வீட்டுக்குள் போகும்போது செருப்பை எங்கே விடுவது என்று கேட்டுக்கொள்ளும் மரியாதையைத்தான் கற்பித்தீர்கள். அதற்கு வகுப்பு என்று பெயர் வைத்து அதை ரத்து செய்கிறார்கள்!

ரத்து செய்ததன் பலன் பத்தே நாளில் தெரிந்தது. தாங்கள் ஓய்வுக்கு முந்திய விடுப்பில் வீட்டில் இருந்தீர்கள். விடியற்காலையில் யூத முதியவர் ஒருவர் காலமானார். புதிதாக வந்த ஒப்பந்தப் பணியாளர் ஆணையில் உள்ளபடி பெயர் எழுதினார், எண் கட்டினார், நேரம் குறித்தார், கதவைப் பூட்டிச் சாவியைப் பைக்குள் போட்டுக்கொண்டு சாப்பிடப் போய்விட்டார். அவர்மேல் குற்றமில்லை, அவருக்குச் சொல்ல ஆளில்லை. முதியவரின் பேரன், கல்லூரியில் விரிவுரையாளர், நாற்பது வயது மனிதர், பூட்டிய கதவின் முன் தரையில் உட்கார்ந்து, கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டு முணுமுணுவென்று ஓதிக்கொண்டிருந்தார். எழுந்து போய் நாற்காலியில் உட்காருங்கள் என்று காவலர் சொன்னார். "அடக்கம் பண்ற வரைக்கும் தாத்தாவைத் தனியா விடக் கூடாதுங்க. உள்ள விட மாட்டேங்கிறாங்க. அதான் இங்கேருந்தாவது..." என்றார். 

சலவைக்கூடத் தலைவி தங்களுக்குப் போன் செய்தார். தாங்கள் செருப்பைக் கால் மாற்றி மாட்டிக்கொண்டு வந்து சேர்ந்ததை நாங்கள் எல்லாரும் பார்த்தோம். சாவியை வாங்கினீர்கள், கதவைத் திறந்தீர்கள், பேரனை உள்ளே அழைத்து ஒரு முக்காலி போட்டீர்கள். அவர் உறவினருக்குத் தகவல் சொல்லவும் கல்லறை ஏற்பாடு செய்யவும் போக வேண்டியிருந்தபோது, "நீங்க போயிட்டு வாங்க தம்பி. நான் உங்க ஆள் இல்லை. ஆனா நான் உக்காந்தா பரவாயில்லையா?" என்று அப்போதும் கேட்டீர்கள். அவர் தலையசைத்த பிறகே உட்கார்ந்தீர்கள். மூன்றரை மணி நேரம், அந்தக் குளிரில், ஒரு தேநீர்கூடக் குடிக்காமல்.

பரிசாகத் தங்களுக்கு மெமோ வந்தது. விடுப்பில் உள்ள ஊழியர் அனுமதியின்றிப் பிணவறைக்குள் இருந்தது ஏன் என்று பதினான்கு வரியில் கேட்டிருந்தார்கள். தாங்கள் ஒரே வரியில் விளக்கம் அளித்தீர்கள்: "அவர் தனியாக இருக்கக் கூடாது என்பதால் இருந்தேன்." மருத்துவமனைப் பதிவேடுகளில் இத்தனை ஆண்டில் நாங்கள் கோப்பிட்ட தாள்களிலேயே நேர்மையான தாள் அதுதான் என்று பதிவறை எழுத்தர் சத்தியம் செய்கிறார்.

இந்த விவரமெல்லாம் மேடையில் வேண்டாம் என்று தாங்கள் எங்களைத் தடுத்தீர்கள். "நான் போறவன். நீங்க இருக்கப் போறவங்க. எனக்காக யாரும் வேலையைத் தொலைச்சுராதீங்க. பாட்டுப் பாடி, போட்டோ எடுத்து அனுப்பி வைங்க, போதும்," என்றீர்கள். முப்பத்தோராண்டில் தங்கள் சொல்லை நாங்கள் தட்டியதில்லை. இன்று தட்டுகிறோம். மன்னித்தாலும் சரி, கோபித்துக்கொண்டாலும் சரி.

வரும் திங்கட்கிழமை இந்த மருத்துவமனையில் ஐந்து பேர் புதிதாகச் சேர்கிறார்கள். அன்று மதிய இடைவேளையில் அந்த ஒரு மணி நேரம் நடக்கும். பணி நேரத்தில் கூடாது என்றால் எங்கள் சாப்பாட்டு நேரத்தில் நடக்கும். பிணவறையில் கூடாது என்றால் இதே சலவைக்கூடத்தில், இதே கூடைகளின் மேல் உட்கார்ந்து நடக்கும். இங்கேயும் கூடாது என்றால் வாசலுக்கு வெளியே, பேருந்து நிறுத்தத்தில் நடக்கும்; அந்த நிறுத்தம் நிர்வாகத்தின் அதிகாரத்துக்கு உட்பட்டதல்ல, விசாரித்துவிட்டோம். நடத்தப்போகிறவர் சலவைக்கூடத் தலைவி. பத்து நாளாக இஸ்திரி போட்டுக்கொண்டே ஒத்திகை பார்க்கிறார். பௌத்தரையும் சமணரையும் இரண்டு முறை மாற்றிச் சொல்லி, இரண்டு முறையும் தானே தலையில் குட்டிக்கொண்டார். அவருக்கு உடம்பு சரியில்லாத நாளில் ஸ்ட்ரெச்சர் தள்ளும் தம்பி நடத்துவார். அவரையும் நிறுத்தினால் பதிவறை எழுத்தர். வரிசை நீளமானது, அண்ணா. ஒவ்வொருவராக நிறுத்திக்கொண்டு வந்தால் நிர்வாகிக்கே ஓய்வு வயது வந்துவிடும்.

கடைசியாக ஒன்று. இத்தனை சமயங்களை எங்களுக்கு அறிமுகம் செய்து வைத்த தங்களின் சமயம் எது என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. இம்மடலை எழுத உட்கார்ந்தபோதுதான் அது உறைத்தது. தங்கள் பேச்சில் தேடினோம், பையில் தேடினோம், விடுப்பு விண்ணப்பங்களில்கூடத் தேடினோம்; அகப்படவில்லை. ஒருமுறை கேட்டவரிடம், "என்னுது இன்னதுன்னு தெரிஞ்சா, மத்த வீட்டுக்காரங்களுக்கு என் கை வேத்தாள் கையாயிரும். இருக்கட்டும், விடு," என்றீர்களாம். விட்டுவிட்டோம். இன்றும் கேட்க மாட்டோம்.

அன்பின் அண்ணலே! அஞ்சாத ஆசானே! குளிர் படிந்த தங்கள் விரல்களுக்கு இனி வெயில் வாய்க்கட்டும். முழங்கால் வலி மறந்து, மூன்று வேளையும் சூடாக உண்டு, பேரப்பிள்ளைகளோடு சண்டையிட்டுச் சமாதானமாகி, நூறாண்டு என்ற கணக்கையும் தாண்டி நலமாக இருங்கள். தங்களை நாங்கள் வண்டியில் தள்ளிச் செல்லும் நாள், எங்களில் கடைசி ஆளும் ஓய்வு பெற்ற பிறகே வரட்டும். ஆனால் அந்நாள் எல்லாருக்கும் வருவது. அன்று தங்கள் முன் ஒரு புது ஆள் நிற்பார். அவருக்குத் தாங்கள் யார் என்று தெரியாது. இந்த மடலைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கக்கூட மாட்டார். எண்ணும் நேரமும் மட்டும் படித்தவராக அவரைத் தங்கள் முன் நிற்க விட மாட்டோம். கையுறை மாட்டியபடி அவர் வெளியே வந்து, தங்கள் பிள்ளைகளைப் பார்த்து, "உங்க வழக்கம் என்னங்க?" என்று கேட்பார். அவர்கள் சொல்வார்கள். அதற்குப் பிறகே தங்களைத் தொடுவார். இதற்காகத்தான் திங்கட்கிழமை. வேறு காரணம் எதுவும் எங்களுக்குத் தேவையில்லை.

இங்ஙனம்,
தங்கள் தம்பி தங்கையர்:
சலவைக்கூடம், பதிவறை, சமையலறை, தூய்மைப் பணி, ஸ்ட்ரெச்சர் பிரிவு, காவல், எல்லா வார்டுகளின் செவிலியர், மருத்துவர் இருவர்.

(கையெழுத்துகள் நாற்பத்தொன்று. யார் யார் என்று விசாரிக்கும் சிரமம் அலுவலகத்துக்கு வேண்டாம் என்பதால், ஒவ்வொருவரும் பெயரையும் பணி எண்ணையும் தெளிவாக எழுதியிருக்கிறோம்.)

நகல்: நிர்வாகி அவர்களுக்கு, தகவலுக்காகவும் உரிய நடவடிக்கைக்காகவும்.